இரும்புக் கயிற்றுக்கு விதி எழுதப் படித்த மூன்று நாள்

எழுபதுகளின் நடுவில் நான் திருவொற்றியூரில் இரும்புக் கயிறு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் டெஸ்ட் ரூமில் வேலை பார்த்தேன். கயிற்றை மெஷினில் மாட்டி, அறுந்து போகும் வரை இழுத்து, எவ்வளவு பாரத்தில் அறுந்தது, எந்த இடத்தில் அறுந்தது என்று எழுதி வைப்பது என் வேலை. அறுகிற சத்தம் வெடி போட்டது மாதிரி இருக்கும். சேர்ந்த புதிதில் ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வருடம் போன பிறகு, சத்தம் கேட்ட அடுத்த நிமிடமே பேனாவைத் திறக்கிற அளவுக்குப் பழகிவிட்டது. அந்த ஷெட்டில் நான் ஒருத்திதான் பெண்.

ஒரு நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் கொடுத்தார். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கப் பயன்படும் இரும்புக் கயிற்று ஸ்லிங்குகளுக்கு நாடு முழுக்க ஒரே தரவிதி எழுதப் போகிறார்கள். அதற்கான குழு சென்னையில் கூடுகிறது. குழுவுக்குப் புதிதாக வருகிறவர்கள் கூட்டத்துக்கு முன்னால் மூன்று நாள் பயிற்சிக்கு வர வேண்டும் என்று அதில் இருந்தது. ஸ்லிங் என்றால் சரக்கைச் சுற்றிக் கட்டி கிரேன் கொக்கியில் மாட்டும் கயிறு. இரண்டு முனையிலும் கண் என்று சொல்லும் வளையம் இருக்கும். நாங்கள் மாதம் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

"பயிற்சிக்கெல்லாம் எனக்கு நேரமில்லை. நீ போய் உட்கார்ந்துட்டு வா. திங்கட்கிழமை கூட்டத்துக்கு நான் வந்துக்கிறேன்," என்றார் மேனேஜர். கடிதத்தோடு வந்திருந்த விதி வரைவின் ஒரு பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். ஒவ்வொரு ஸ்லிங்கிலும், அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று பொறித்த தகடு ஒன்றைத் தொங்கவிட வேண்டும் என்று சொல்கிற பிரிவு அது. அந்தப் பிரிவை எடுத்துவிட வேண்டும், கம்பெனியின் நிலை இதுதான், வேறு எதுவும் நீ பேச வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். பேசுவதைப் பற்றி நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம்.

பயிற்சி ராயபுரத்தில், துறைமுகத்தின் பழைய கிடங்கு ஒன்றின் மாடியில் நடந்தது. ஜன்னலைத் திறந்தால் காசிமேட்டிலிருந்து மீன் வாடை, மூடினால் வியர்வை. திறந்தே வைத்தோம். பதினைந்து பேர் இருந்திருப்போம். துறைமுகத்து அதிகாரிகள், ரயில்வேக்காரர் ஒருவர், பம்பாயிலிருந்து இரண்டு கம்பெனிக்காரர்கள், இன்ஜினியரிங் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர். கடைசி வரிசையில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர், கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார்.

பயிற்சி கொடுக்க டில்லியின் தரநிர்ணய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு நம்ப முடியவில்லை. என் வயதுதான் இருக்கும், முப்பது, முப்பத்திரண்டு. இன்ஜினியர். நூல் புடவை, கையில் பெரிய வாட்ச், தோளில் ஒரு ஜோல்னாப் பை. தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழ். உள்ளே வந்ததும் முதலில் என்னிடம் வந்து, "இங்கே நமக்கு பாத்ரூம் எங்கேன்னு விசாரிச்சீங்களா?" என்று கேட்டார். நான் விசாரிக்கவில்லை, கேட்கக் கூச்சமாக இருந்தது. அவர் நேராகத் துறைமுகத்து அதிகாரி ஒருவரிடம் போய்க் கேட்டார். அந்தக் கட்டடத்தில் பெண்களுக்கென்று எதுவும் கிடையாது. முதலுதவி நிலையத்தில் நர்ஸுக்கு ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். அதன் சாவியை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டுத்தான் அவர் பாடத்தைத் தொடங்கினார்.

முதல் அரைமணி நேரம் ஆங்கிலத்திலேயே போனது. நன்றாகப் பேசினார். தரவிதி என்றால் என்ன, வரைவு எப்படி ஊர் ஊராகச் சுற்றி வரும், யார் வேண்டுமானாலும் அதன் மேல் கருத்து சொல்லலாம் என்றெல்லாம். அப்போது காக்கிச் சட்டைக்காரர் எழுந்து நின்றார்.

"மேடம், எனக்கு ஒண்ணும் பிரியல. இங்கிலீஷு வராது. குந்திகினு இருக்கறதா, வூட்டுக்குப் போறதா, நீங்களே சொல்லுங்க."

அவரோடு வந்திருந்த துறைமுகத்து அதிகாரி முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டார். டில்லி அம்மாள் காக்கிச் சட்டைக்காரரிடம், அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். துறைமுகத்தின் கியர் ஸ்டோரில் மேஸ்திரி என்றார். கப்பலுக்குப் போகும் ஸ்லிங், கொக்கி, செயின் எல்லாம் அவர் கை வழியாகத்தான் போகும், திரும்பி வரும். அப்பா காலத்திலிருந்தே துறைமுகம். ராயபுரம் மாதா கோயில் பக்கம் வீடு.

"இந்த ரூம்ல ஸ்லிங்கைத் தினமும் தொடுறவர் நீங்க ஒருத்தர்தான். நீங்க போயிட்டா நான் யாருக்குப் பாடம் எடுக்கறது?" என்றார் டில்லி அம்மாள். பிறகு பம்பாய்க்காரர்களிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். இனிமேல் ஒவ்வொன்றையும் இரண்டு மொழியிலும் சொல்வேன், நேரம் கூட ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். சொன்னபடியே மூன்று நாளும் செய்தார். தமிழில் சொல்லும்போது அலுப்போடு சுருக்கவில்லை. ஆங்கிலத்தில் சொன்ன உதாரணத்தை விட்டுவிட்டு, கியர் ஸ்டோரிலிருந்து புதிதாக ஒரு உதாரணம் தேடினார். மேஸ்திரி பேசியதை ஆங்கிலத்தில் மற்றவர்களுக்குச் சொல்லும்போதும் ஒரு வார்த்தைகூட மெருகு ஏற்றவில்லை. இரண்டு மொழியும் எனக்குத் தெரியும் என்பதால் அந்த நேர்மையைக் கூடவே கவனித்துக்கொண்டிருந்தேன்.

அவர் முதலில் சொல்லிக்கொடுத்தது கருத்துத் தாள். ஒரு தாளில் மூன்று கட்டம். எந்தப் பிரிவு, என்ன காரணம், அதற்குப் பதிலாக என்ன வாசகம். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் அந்தத் தாளைக் குழு படிக்காது என்றார். "பிடிக்கலைங்கறது கருத்து இல்லை. அது மனநிலை." எல்லோரையும் வரைவைப் படித்து ஆளுக்கு ஒரு கருத்து எழுதச் சொன்னார். நான் மேனேஜர் சொன்னதை எழுதினேன். தகடு பற்றிய பிரிவை நீக்க வேண்டும். காரணம்: வேலை கூடும். மூன்றாவது கட்டம் காலி. தாள்களைப் பார்த்துக்கொண்டு வந்தவர் என் தாளில் எதுவும் எழுதவில்லை; காலிக் கட்டத்தின் மேல் விரலை ஒரு நொடி வைத்துவிட்டு நகர்ந்தார். பேராசிரியரின் தாளிலும் மூன்றாவது கட்டம் காலிதான் என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மத்தியானம் வார்த்தைகளைப் பற்றிய பாடம். "செய்ய வேண்டும்" என்று எழுதினால் கட்டாயம். செய்யாவிட்டால் அந்தப் பொருள் விதிக்குப் பொருந்தாது. "செய்வது நல்லது" என்றால் அறிவுரை. "செய்யலாம்" என்றால் அனுமதி. இதைக் கலந்து எழுதினால் நாளைக்கு ஒரு விபத்து நடக்கும்போது ஆளுக்கொரு அர்த்தம் சொல்வார்கள் என்றார். மேஸ்திரி உடனே, "ஞாயித்துக்கெழம பூசைக்கு வரணும்னு சாமியார் சொன்னா வேற, வந்தா நல்லதுன்னா வேற. நல்லதுன்னு சொல்லியிருந்தா நான் காசிமேட்டுல மீன் வாங்கிகினு இருப்பேன்," என்றார். டில்லி அம்மாள் சிரித்துவிட்டு அதையும் ஆங்கிலத்தில் சொன்னார். பம்பாய்க்காரர் ஒருவர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை மேஸ்திரி தோளில் ஒரு பழைய ஸ்லிங்கைச் சுருட்டிப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். கேட்டில் காவலாளி திருட்டு என்று நினைத்து நிறுத்தி வைத்துவிட்டதால் கொஞ்சம் தாமதம். கழித்துப் போட்ட ஸ்லிங் அது. அன்றைய பாடம் பரிசோதனை பற்றிய பிரிவு. ஸ்லிங்கில் அறுந்த கம்பிகள் இருக்கிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்க வேண்டும் என்று வரைவில் இருந்தது. அதைத் தமிழில் கேட்டதும் மேஸ்திரிக்குத் தாங்கவில்லை.

"மேடம், காலைல ஷிஃப்டு ஆரம்பிக்கச் சொல்ல இருபது கேங்கு வாசல்ல நிக்கும். கண்ணாடிய வச்சிகினு ஒவ்வொரு கயிறா பாத்தா கப்பல் பூடும். இத்த பாருங்க."

அவர் ஸ்லிங்கை மேஜைமேல் நீட்டிப் போட்டார். பையிலிருந்து ஒரு பிடி காட்டன் வேஸ்ட் எடுத்தார், எண்ணெய் துடைக்கிற நூல் கழிவு. அதைக் கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கையை இழுத்துக்கொண்டே போனார். கயிற்றில் நாலு இடத்தில் வெள்ளை நூல் சிக்கி நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு இடத்திலும் மயிரிழை மாதிரி கம்பி அறுந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாகக் கயிறுகளை அறுத்துக்கொண்டிருந்த எனக்கு இந்த வித்தை தெரியாது. எல்லோரும் மேஜையைச் சுற்றிக் கூடிவிட்டோம். ரயில்வேக்காரர் காட்டன் வேஸ்டை வாங்கித் தானும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

பேராசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. நூல் சிக்குவது ஓர் அளவீடு ஆகாது, விதியில் எழுத முடியாது என்றார். அவர் சொன்னதில் தவறும் இல்லை. டில்லி அம்மாள் அதைத் தமிழில் சொன்னார். மேஸ்திரி கயிற்றில் சிக்கி நின்ற நூலைத் தொட்டுக் காட்டினார்.

"அளக்கறதுக்கு இல்ல சார் இது. எங்க பாக்கணும்னு கண்டுபிடிக்கறதுக்கு. நூல் சிக்கின எடத்துல அப்பால கண்ணாடிய வச்சிப் பாருங்க, எண்ணுங்க. சிக்காத எடத்துல எதுக்குப் பாக்கறது?"

டில்லி அம்மாள் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. ஆனால் அவர் எந்தப் பக்கமும் சாயவில்லை. "இப்ப சொன்னீங்களே, அதை அப்படியே இரண்டாவது கட்டத்துல எழுதுங்க," என்று தாளை நீட்டினார். மேஸ்திரி தமிழில் எழுதினார். என்னை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். நான் முதலில் எழுதியதை டில்லி அம்மாள் திருப்பித் தந்தார். "நீங்க அழகா எழுதியிருக்கீங்க. ஆனா 'எங்க பாக்கணும்னு கண்டுபிடிக்கறதுக்கு' அப்படீன்னு சொன்னாரே, அது இதுல காணோம்." மறுபடி எழுதினேன். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. நானும் மேஸ்திரியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வேலை செய்தது அப்படித்தான் ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை மாலை, மறுநாள் ஒரு மாதிரிக் கூட்டம் நடத்தப் போவதாகச் சொன்னார் டில்லி அம்மாள். நிஜக் கூட்டம் போலவே தலைவர், செயலாளர், விவாதம் எல்லாம் உண்டு. ஒரே ஒரு வித்தியாசம், யாரும் தங்கள் பக்கம் பேசக் கூடாது. எதிர்ப்பக்கம் பேச வேண்டும். எடுத்துக்கொண்ட பிரிவு தகடு. தயாரிப்பாளர் பக்கம் பேச மேஸ்திரி. துறைமுகத் தொழிலாளர் பக்கம் பேச நான்.

வேறு வழியில்லாமல் தேநீர் இடைவேளையில் மேஸ்திரியிடம் போய், "அண்ணே, தகடு இல்லேன்னா உங்களுக்கு என்ன கஷ்டம்? நாளைக்கு நான் என்ன சொல்லணும்?" என்று கேட்டேன்.

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். தன் சிநேகிதர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே கேங்கில் வேலை. ஒரு நாள் இரும்பு ஷீட் கட்டு இறக்க ஸ்லிங் கேட்டு வந்திருக்கிறார். ஸ்டோரில் ஒரே தடிமனில் இரண்டு விதமான ஸ்லிங்குகள் கிடந்தன. வெவ்வேறு கம்பெனி, ஒன்று அதிகம் தாங்கும், மற்றது தாங்காது. பார்வைக்கு இரண்டும் ஒன்று. கட்டு பாதி உயரத்தில் இருக்கும்போது கயிறு அறுந்தது. சிநேகிதருக்கு வலது கை போய்விட்டது.

"எதுலயும் நம்பர் இல்ல. கண்ணால பாத்து, கையால தடவி, இது தாங்கும்னு நெனச்சேன். நான்தாம்மா எடுத்துக் குடுத்தேன்," என்றார்.

டீ கிளாஸை ஜன்னலோரம் வைத்துவிட்டு உள்ளே போனார். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது என் கருத்துத் தாளில் எழுதிய காரணம் ஞாபகம் வந்தது. வேலை கூடும். தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றிருந்தது. ஆனால் அது டில்லி அம்மாளிடம் இருந்தது.

சனிக்கிழமை காலை நான் பேசினேன். குரல் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்திருந்தது. ஒரே தடிமனில் இரண்டு கயிறு கிடந்தால் எடுத்துக் கொடுப்பவர் எப்படித் தெரிந்துகொள்வார் என்று கேட்டேன். மேஸ்திரியின் சிநேகிதரைப் பற்றிச் சொல்லவில்லை. அது அவர் சொல்ல வேண்டிய கதை.

பிறகு மேஸ்திரி எழுந்தார். என் மேனேஜரின் பக்கத்தை அவர் பேச வேண்டும். அரைமனதாக ஏதோ சொல்லிவிட்டு உட்காருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் செய்யவில்லை. தன் பக்கத்துக்கு எதிராகத் தானே முழு மனதோடு பேசினார்.

"கம்பெனிக்காரன் நான். தகடு போடுன்னா போடறேன். ஆனா கேளுங்க. ஒயருல தொங்கற தகடு ஒரு வாரம் தாங்காது. சரக்குல மாட்டிகினு பிச்சிக்கும். இல்ல, கூலிக்காரன் கைய கீசிடும். அவனே கட்டருல வெட்டிப் போட்ருவான். அப்பால தகடு இல்லாத ஸ்லிங்கு ஸ்டோருல நெறய கெடக்கும். எல்லாம் நல்ல ஸ்லிங்குதான், ஆனா விதிப்படி எல்லாம் குப்ப. இன்னா செய்வாங்க? இன்னொண்ணுல இருந்து தகட்டக் கழட்டி இதுல மாட்டுவாங்க. அது நம்பர் இல்லாததவிட மோசம்."

என் மேனேஜர் அந்த அறையில் இருந்து அதைக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் கம்பெனியில் ஒருவரும் இவ்வளவு நல்ல காரணம் யோசித்ததில்லை. அத்தனை வருடம் தான் ஆசைப்பட்ட ஒன்று கிடைக்கப் போகிற நேரத்தில், அதில் இருக்கும் ஓட்டையைத் தானே எடுத்துக் காட்டுகிற மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தலைவர் நாற்காலியில் இருந்த டில்லி அம்மாள் எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார். "எண் வேணும்னு ஒருத்தர் சொல்றார். தகடு நிக்காதுன்னு ஒருத்தர் சொல்றார். இரண்டும் உண்மைன்னா என்ன செய்யறது?"

எனக்கு டெஸ்ட் ரூம் ஞாபகம் வந்தது. ஸ்லிங்கின் கண்ணை மடித்துப் பிடிக்க அலுமினியக் குழல் ஒன்றை மாட்டி பிரஸ்ஸில் அழுத்துவோம். ஃபெர்ரூல் என்போம். சோதனைக்கு வரும் துண்டுகள் கலந்துவிடாமல் இருக்க, நான் அந்தக் குழலின் மேலேயே நம்பர் பஞ்சை வைத்துச் சுத்தியலால் தட்டி எண்ணைப் பதிப்பது வழக்கம். அது எங்கும் கழன்று விழாது. யார் கையையும் கிழிக்காது.

"எங்க டெஸ்ட் ரூம்ல ஃபெர்ரூல் மேல நேரா பஞ்ச் பண்ணுவோம்," என்றேன்.

"இப்ப நீங்க யாரு? துறைமுகமா, கம்பெனியா?" என்றார் டில்லி அம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூச்சம் எப்போது போனது என்று தெரியவில்லை.

பேராசிரியர் இதற்கும் ஒரு கேள்வி வைத்திருந்தார். பஞ்ச் அடித்தால் குழல் பலவீனமாகாதா? சோதித்துப் பார்த்திருக்கிறீர்களா? இல்லை. சோதனைத் துண்டுகளை எப்படியும் அறுக்கத்தானே போகிறோம் என்று நாங்கள் அதைப் பார்த்ததே கிடையாது. கூட்டம் திங்கட்கிழமை. டில்லி அம்மாள் என்னிடம் எதையும் செய்யச் சொல்லவில்லை. "நல்ல கேள்வி," என்று மட்டும் சொல்லி எழுதிக்கொண்டார்.

மத்தியானம் பயிற்சி முடிந்ததும் பஸ் பிடித்து நேராகத் தொழிற்சாலைக்குப் போனேன். மெஷின் ஆபரேட்டர் தண்டையார்பேட்டை பாய். வீட்டுக்குக் கிளம்பக் கை கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மறுபடி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு மெஷினைப் போட்டார். ஒரே சுருளிலிருந்து வெட்டிய ஸ்லிங்குகளில் பாதிக்குப் பஞ்ச் அடித்தேன், பாதிக்கு அடிக்கவில்லை. ஒவ்வொன்றாக இழுத்தோம். பஞ்ச் அடித்ததும் அடிக்காததும் ஏறக்குறைய ஒரே பாரத்தில், கயிற்றின் நடுவில் அறுந்தன. கடைசிக்கு முந்தினது மட்டும் ஃபெர்ரூலின் வாயருகே விட்டுப்போனது, மற்றதைவிடக் குறைந்த பாரத்தில்.

பாய் என்னைப் பார்த்தார். "இத்த எழுதப் போறியாம்மா?"

எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. மற்றதெல்லாம் நன்றாக வந்திருக்கிறது. ஒரு நிமிடம் அந்த ஆசை வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பிறகு அந்தத் துண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். அந்த ஒன்றில் மட்டும் எண் குழலின் ஓரத்தில் விழுந்திருந்தது. அவசரத்தில் ஆழமாகவும் அடித்திருந்தேன். வேண்டுமென்றே ஓரத்தில் ஆழமாக அடித்து இன்னும் மூன்று இழுத்தோம். மூன்றில் இரண்டு அதே மாதிரி அறுந்தன. எல்லாவற்றையும் எழுதினேன். விளக்குப் போடும் நேரத்துக்கு முடிந்துவிட்டது. பாய் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார்.

திங்கட்கிழமை காலை அதே கிடங்கின் மாடிப்படியில் மேனேஜரிடம் அந்தத் தாளைக் காட்டினேன். கண்ணை ஓட்டிவிட்டு, இதெல்லாம் இப்போது வேண்டாம், பிரிவை நீக்கினாலே போதும் என்றார். கூட்டத்தில் அவர் முன்வரிசையில் உட்கார்ந்தார். நான் சுவர் ஓரம். நிஜத் தலைவர் பெரிய அதிகாரி. டில்லி அம்மாள் இப்போது வெறும் செயலாளர், குறிப்பெடுப்பது மட்டும்தான் வேலை. தலையை நிமிர்த்தவே இல்லை.

பரிசோதனைப் பிரிவு முதலில் வந்தது. மேஸ்திரியின் கருத்தைப் படித்தார்கள். எழுந்து நின்று ஆதரித்தவர் பேராசிரியர். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்த வாசகத்தை இன்னும் திருத்தமாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். நூல் சிக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு அங்கே மட்டும் கம்பிகளை எண்ணுவது. மேஸ்திரி அவரைப் பார்த்துக் கைகூப்பினார்.

தகடுப் பிரிவு வந்ததும் மேனேஜர் எழுந்து அதை நீக்க வேண்டும் என்றார். காரணம் கேட்டார் தலைவர். வேலை கூடும் என்றார். பதிலாக என்ன வாசகம் என்று தலைவர் கேட்டார். மேனேஜர் வரைவைப் புரட்டினார். அப்போது மேஸ்திரி கை தூக்கினார். கம்பெனிக்காரர் சொல்வதைத் தானும் ஆதரிப்பதாகச் சொன்னார். துறைமுகத்து அதிகாரிகள் திகைத்துத் திரும்பினார்கள். தகடு ஏன் நிற்காது என்பதைச் சுருக்கமாகச் சொன்னார். பிறகு, "ஆனா எண்ணு இல்லாம எங்களால முடியாது. அதுக்கு வழி அந்தக் கம்பெனி டெஸ்ட் ரூமுலயே கீது. அந்த அம்மாவக் கேளுங்க," என்று உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் என்னைப் பார்த்தார். மேனேஜரும் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்தேன். இழுத்த எல்லா ஸ்லிங்கையும் வரிசையாகச் சொன்னேன். கெட்டுப்போன ஒன்றையும், அதற்கப்புறம் வேண்டுமென்றே கெடுத்த மூன்றையும் சொன்னேன். எண்ணைக் குழலின் நடுவில், ஆழம் குறைவாகப் பொறிக்க வேண்டும், ஓரத்தில் பொறிக்கக் கூடாது என்று வாசகத்தைப் படித்தேன். இந்தத் தடவை குரல் கடைசி வரிசை வரை கேட்டது.

மேனேஜர் எழுந்தபோது எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது எங்கள் டெஸ்ட் ரூமில் செய்த சோதனை," என்றார். ஏதோ தானே ஆணையிட்டு நடத்தியது போல. அதோடு நிறுத்தவில்லை. குறைவான ஆழம் என்று சும்மா எழுதினால் ஆளுக்கு ஆள் மாறும், அளவு போட்டு எழுத வேண்டும், பஞ்சின் முனை கூராக இல்லாமல் மழுங்கியிருக்க வேண்டும் என்றார். இரண்டும் எனக்குத் தோன்றாத விஷயங்கள். சிறந்த தொழில்காரர் அவர். அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். எதிர்ப்பு ஏதும் உண்டா என்று தலைவர் இரண்டு தடவை கேட்டார். யாரும் எதிர்க்கவில்லை. டில்லி அம்மாள் எழுதிக்கொண்டார்.

அச்சில் வர ஒன்றரை வருடம் போல ஆனது. மெல்லிய புத்தகம், சாம்பல் நிற அட்டை. குழுவில் இருந்த நிறுவனங்களின் பெயர்கள் முன்பக்கத்தில் இருந்தன. மேஸ்திரியின் பெயர் கிடையாது. அவர் துறைமுகத்தின் உறுப்பினருக்குத் துணையாக வந்தவர், அவ்வளவுதான். ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு கியர் ஸ்டோருக்குப் போனேன். அவர் தன் பெயரைத் தேடவில்லை. காட்டன் வேஸ்ட் வரும் பக்கத்தைக் காட்டச் சொன்னார். ஆங்கிலத்தில் அந்த இரண்டு வார்த்தையை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு ஸ்டோரில் இருந்த ஆட்களைக் கூப்பிட்டு, அது எதைப் பற்றிய பக்கம் என்று தமிழில் சொன்னார். தான்தான் சொல்லிக் கொடுத்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து டோக்கன்களை இடது கையால் அடுக்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் கடைசியாகப் புத்தகத்தைக் கொடுத்தார். அந்த மனிதரின் வலது சட்டைக்கை காலியாகத் தொங்கியது. அவர் யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டில்லி அம்மாள் அதற்கப்புறம் வேறு ஒரு பிரிவுக்கு மாறிப் போய்விட்டார். போவதற்கு முன் எனக்கு ஒரு கடிதம் எழுதினார். எண்ணூரில் கொதிகலன் வால்வுகளுக்கான குழு கூடப் போகிறது, புதியவர்களுக்குப் பயிற்சி உண்டு, தமிழில் சொல்லித்தர ஆள் வேண்டும், நான் உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறேன் என்று. வால்வைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று பதில் எழுதினேன். வால்வைப் பற்றித் தெரிந்தவர்கள் அங்கே நிறைய இருப்பார்கள், நீங்கள் போய்க் கேளுங்கள் என்று எழுதினார்.

மேனேஜர் மூன்று நாள் விடுப்புக்குக் கையெழுத்துப் போட்டார். எண்ணூரில் முதல் நாள் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் அத்திப்பட்டுப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வந்த ஃபிட்டர்கள். அவர்களை முன்வரிசைக்கு வரச் சொல்லிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தேன்.